மெர்னா திட்டாத வாளி

கெளுத்திக்கு என்ன இரை போடலாம் என்று நியோஷோ ஆற்றங்கரையில் எவரிடமும் கேட்டுவிடாதீர்கள். பொழுது போய்விடும். ஒருவர் கோழி ஈரல் என்பார். ஈரல் தூண்டில் முள்ளில் நிற்காது, வீசும்போதே கழன்று விழுந்து ஆற்றுக்குத் தானதர்மம் ஆகிவிடும் என்று இன்னொருவர் சிரிப்பார். மண்புழுவை விட்டால் உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை என்பார் மூன்றாமவர். இரைக்கடை கிளைட் தன் அலமாரியில் இருக்கும் டப்பாவைத் தட்டிக் காட்டுவான். எல்லோரும் சத்தியம் செய்வார்கள். எல்லோரும் புளுகுவார்கள்.

என் அக்கா மெர்னாவின் கணவன் வெர்லின் மட்டும் எந்த ஒரு இரைக்கும் சத்தியம் செய்ய மாட்டான். "ஆறு இந்த வாரம் என்ன தின்னுக்கிட்டு இருக்கோ அதைக் குடு" என்பான். பனி உருகியதும் குளிரில் செத்து மிதக்கும் வெள்ளிப்பொடி மீனை வெட்டிப் போடுவான். மழையில் கரை கரைந்து தண்ணீர் கலங்கினால் மண்புழு. ஜூனில் மல்பெரி மரம் ஆற்றின் மேல் சாய்ந்திருக்கும் இடமாகப் பார்த்துப் படகைக் கட்டிவிட்டுப் பழத்தையே முள்ளில் குத்துவான். பழம் எப்போது உதிரும் என்று கெளுத்தி அடியில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஆகஸ்டில் வெட்டுக்கிளி. நடுவில் ஜூலை என்று ஒன்று இருக்கிறதே, ஆறு வற்றி, தண்ணீர் சுட்டு, மீனெல்லாம் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும் மாதம், அதற்குத்தான் வாளி.

அந்த வாளியைப் பற்றிச் சாப்பிடும் நேரத்தில் பேசக்கூடாது. பழைய சீஸ், மீன் குடல், கோழி ரத்தம், பூண்டு, ஒரு பிடி சோம்பு. எல்லாவற்றையும் பிசைந்து, கோரைப் பஞ்சு போட்டுக் கெட்டியாக்கி, மூடியை லேசாகத் திறந்தபடி கொட்டகைச் சுவரோரம் வெயிலில் வைத்துவிடுவான். மூடியை இறுக்கினால் வெடிக்கும். ஒரு வருஷம் வெடித்தது. அதற்குப் பிறகு எங்கள் தபால்காரர் அந்த வீட்டுக் கடிதங்களையும் பக்கத்து வீட்டில் இருக்கும் என் பெட்டியில்தான் போட்டுவிட்டுப் போகிறார்.

கெளுத்திக்குக் கண் சுமார்தான். ஆனால் உடம்பெல்லாம் நாக்கு. மீசையிலிருந்து வால் வரை ருசி பார்க்கும். சேற்றுத் தண்ணீரில் எங்கோ கிடந்தாலும் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். அதனால் இரைக்குப் பதம் உண்டு. பதத்துக்கு முன்னால் எடுத்தால் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. பதம் தாண்டிவிட்டால் மூத்திரக் காரம் ஏறி, வந்த மீனும் ஓடிவிடும். வெர்லின் தினமும் மூடியைத் தூக்கி ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு மூடுவான். அவனுக்கு அந்த மூக்கு இருந்தது.

மெர்னாவுக்கும் மூக்கு இருந்தது. சமையலறை ஜன்னல் நேராகக் கொட்டகையைப் பார்த்தபடி இருக்கிறது. வருஷா வருஷம் ஜூலை பிறந்ததும் அந்த ஜன்னல் படாரென்று திறக்கும்.

"வெர்லின்! அந்தக் கண்றாவியை எடுத்துத் தொலைக்கிறியா, இல்ல ஷெரிஃபைக் கூப்பிட்டுக் கொட்டகையில பொணம் கிடக்குன்னு சொல்லட்டுமா?"

வெர்லின் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். "கேட்டியா நாடீன்? நாளைக்கு விடியறப்ப படகை எறக்கணும்."

நாடீன் நான்தான். அடுத்த வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டியதில் குரல் பெருத்துவிட்டது, பொறுமை இளைத்துவிட்டது. என் புருஷன் டல்சாவுக்கு வேலை தேடிப் போய் அங்கேயே வேறு பலவற்றையும் தேடிக்கொண்ட வருஷத்திலிருந்து நான் வெர்லினோடு மீன் பிடிக்கப் போகிறேன். இரையை மட்டும் என்னைத் தொடவிட மாட்டான். நான் சிகரெட் பிடிக்கிறவள். "புகையிலைக் கையால தொட்ட புழுவைக் கெளுத்தி தின்னாது, போய் ஆத்துச் சேத்துல கையைக் கழுவு" என்று விரட்டுவான். நானும் திட்டிக்கொண்டே கழுவுவேன்.

போன ஜனவரியில் வெர்லினுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கிவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்தான். மருத்துவர்கள் எங்களிடம் பேசும்போது குரலைத் தாழ்த்த ஆரம்பித்தார்கள். அந்தத் தாழ்ந்த குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எளிதில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதாள்.

"கடவுள்கிட்ட ஒண்ணு சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"அவனைத் திருப்பிக் குடுத்தா அந்த வாளியைப் பத்தி உயிர் இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "கேக்கறதுதான் கேட்ட, பெருசா ஏதாவது குடுக்கறேன்னு சொல்லியிருக்கக் கூடாதா? சர்ச்சுக்கு ஒரு பியானோ?"

"எனக்கு அவன்மேல இருக்கிற பெரிய கோவம் அதுதான். வேற எதைக் குடுப்பேன்?" என்றாள். பிறகு என் கையை இன்னும் இறுக்கினாள். "அவன்கிட்ட சொல்லிடாத. சொன்னா வேண்டுதல் பலிக்காது."

நான் வாக்குக் கொடுத்தேன். வெர்லின் பிழைத்தான். கடவுளோ மருந்தோ, அந்தக் கணக்கை நான் கேட்கவில்லை. மார்ச் மாதம் ஈர்க்குச்சிக்குச் சட்டை மாட்டின மாதிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

மெர்னா அவனுக்குச் சதை போடவைக்கக் கங்கணம் கட்டிக்கொண்டாள். மாவைத் தன் கையால் உருட்டி வெட்டிய நூடுல்ஸைக் கோழிச் சாற்றில் வேகவைத்து, மசித்த உருளைக்கிழங்கின் மேல் கொட்டிக் கொடுத்தாள். இலவங்கப்பட்டை பன் சுட்டாள். பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டுக் காரமாகக் கிண்டினாள். எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் ஒவ்வொரு கவளத்துக்கும் "அருமை மெர்னா, அருமை" என்பான். இத்தனை வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி உறுமலைத் தவிர வேறெதுவும் சொல்லாத மனிதன். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

மே மாதம், நல்ல மழைக்குப் பிறகு, முதன்முதலாகப் படகை இறக்கினோம். மோட்டாருக்குப் பெட்ரோல் ஊற்றும்போது அவன் கையெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நேராகப் புழு டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரு புழுவை எடுத்து முள்ளில் கோத்து வீசினான். நான் வழக்கம்போலச் சேற்றில் கையைக் கழுவிவிட்டு, டப்பாவின் மறு ஓரத்திலிருந்து எடுத்துக் கோத்தேன். மதியத்துக்குள் என் பெட்டியில் நல்ல கெளுத்திகள் துள்ளிக்கொண்டிருந்தன. அவன் தூண்டில் நரம்பு அசையவே இல்லை. படகின் ஒரே பக்கம், ஒரே பள்ளம், ஒரே டப்பாப் புழு.

"யோவ் வெர்லின், உன் கையைக் கொஞ்சம் மோந்து பாரு" என்றேன்.

மூக்கருகே கொண்டுபோனான். மூச்சை இழுத்தான். "மண்ணு வாசனை. வேற என்ன?"

"பெட்ரோல்யா அது. மூணு படகு தள்ளி இருக்கிறவனுக்குக்கூடத் தெரியும்."

அவன் கையைக் கீழே போட்டான். நரம்பைச் சுற்றி எடுத்து, முள்ளில் இருந்த புழுவை ஆற்றில் உதறினான். நான் சும்மா இருந்தேன். நான் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"காய்ச்சலோட போச்சு" என்றான் கடைசியில். "மூக்கு செத்துப் போச்சு நாடீன். ருசியும் போச்சு. உப்பு, தித்திப்பு, உறைப்பு, அவ்வளவுதான் தெரியுது. மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டி."

"மெர்னா நூடுல்ஸ்?"

"ஈரமான அட்டைப்பெட்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஆனால் கண் சிரிக்கவில்லை. "கெளுத்தியைப் பாரு, உடம்பெல்லாம் நாக்கு. எனக்கு வாய்க்குள்ள ஒரு நாக்கு இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றான். "மெர்னாகிட்ட மூச்சு விடாத. அவ என்னை அந்த நூடுல்ஸாலதான் பொழைக்க வெச்சதா நினைச்சுக்கிட்டு இருக்கா. அந்தச் சந்தோஷத்தை நான் பிடுங்க மாட்டேன்."

நான் அவனுக்கும் வாக்குக் கொடுத்தேன். ஒரு வாயில் இரண்டு பூட்டு.

ஜூன் தொடக்கத்தில் அவன் வாளியை வைத்தான். கோதுமை அறுவடை லாரிகள் தெருவில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் நேரம். கொட்டகையில் அவன் சீஸைப் பிசைந்துகொண்டிருந்தபோது கேட்டேன்: "பதம் எப்படித் தெரியும் உனக்கு? நான் மோந்து சொல்லட்டுமா?"

"நீயா? உன் மூக்கு டீசல்லயும் சிகரெட்டுலயும் கருகின மூக்கு. உனக்கு நாத்தம் ரெண்டே ரகம். நாறுது, ரொம்ப நாறுது."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

"மெர்னா இருக்காளே" என்றான். முகத்தில் குறும்பு. "என்னைக்கு ஜன்னலைத் திறந்து கத்தறாளோ அதுக்கு மறுநாள் பதம். ஒரு வருஷம்கூடத் தப்பினதில்லை. என் மூக்கைவிட அவ மூக்குத்தான் ஒசத்தி. அவகிட்ட இதைச் சொன்னேன்னா என்னைக் கொன்னுடுவா."

இவனோ அவள் திட்டுவாள் என்று காத்திருக்கிறான். அவளோ திட்டமாட்டேன் என்று கடவுளிடம் சொல்லியிருக்கிறாள். நடுவில் நான், பேசாமல் இருக்கவே தெரியாதவள், இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். சரி, போனால் ஒரு வாளி மீன் இரைதானே, குடியா முழுகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை பிறந்தது. வாளி நாறியது. எனக்குத் தெரிந்த இரண்டாவது ரகத்தில் நாறியது. சமையலறை ஜன்னல் திறக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது மெர்னா மூக்குக்குக் கீழே மெந்தால் தைலத்தைப் பூசிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலைச் சாத்திட்டு அடுப்பு முன்னாடி வேகறியே, பைத்தியமா நீ?"

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்ல காத்தா இருக்கு."

வெர்லின் தினமும் கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சர்ச்சுக்குப் போகிறவர்கள் பாதிரியாரைப் பார்ப்பதைவிட அதிக பக்தியோடு பார்த்தான். ஜன்னல் திறக்காத ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் சீஸ் சேர்த்தான். இன்னும் கொஞ்சம் ரத்தம். வாளியை நல்ல வெயிலுக்கு நகர்த்தினான்.

"ஆயிடுச்சுய்யா, எடு" என்றேன்.

"போன வாரமும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தின வாரமும் சொன்ன. மெர்னா இன்னும் கத்தலையே."

ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் மெதடிஸ்ட் சர்ச்சில் மீன் பொரிக்கும் நாள். சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தியும் முட்டைக்கோஸ் சாலடும். பிடிக்கிறவர்கள் எல்லோரும் கொண்டுவந்து போடுவார்கள் என்றாலும் சட்டிகளை நிரப்புவது எப்போதும் வெர்லினின் மீன்தான். அவன் கடைசி வரைக்கும் பொறுத்திருந்தான். பிறகு வேறு வழியில்லாமல் திட்டு வாங்காத அந்த வாளியைத் தூக்கிப் படகில் வைத்தான். நானும் போனேன். விடியலிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தோம். அவன் நரம்பையும் எந்த மீனும் தொடவில்லை, என் நரம்பையும் தொடவில்லை. ஒரு ஆமை மட்டும் வந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

சர்ச்சில் அன்று கடையிலிருந்து வாங்கிய உறைந்த மீனைப் பொரித்தார்கள். கிளைட் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்து நின்றான்.

"என்ன வெர்லின், இந்த வருஷம் கெளுத்தியெல்லாம் உபவாசமா? என் டப்பாவை வாங்கிப் போடு. மூடியைத் திறந்தா போதும், படகுல தானா ஏறி உக்காந்துக்கும்."

மற்ற வருஷமாக இருந்தால் வெர்லின் அவனை உப்புப் போட்டு ஊறவைத்திருப்பான். அன்றைக்கு "பாக்கலாம் கிளைட்" என்று மட்டும் சொன்னான். கிளைட்டே பயந்துபோய்த் தட்டோடு நகர்ந்துவிட்டான். மெர்னா மேசைக்கடியில் வெர்லினின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். அதைப் பார்த்ததும் அவன் முகம் இன்னும் விழுந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலை படகின் மேல் ஒரு பலகை தொங்கியது. 'விற்பனைக்கு' என்று வெள்ளைப் பெயிண்டில் அவன் கையெழுத்து.

நான் காபிக் கோப்பையோடு வேலியைத் தாண்டிக் குதிக்காத குறையாக ஓடினேன். அவன் படகைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வாளி கெட்டுப் போனதுக்காடா படகை விப்பாங்க? வெக்கமா இல்ல?"

"வாளிக்கு இல்ல" என்றான். துணியை மடித்தான், மறுபடி பிரித்தான். "நாடீன், உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. டாக்டர் அவகிட்ட என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரு? நீ நல்லாயிட்டன்னு சொன்னாரு."

"அவ என்னைத் திட்டறதே இல்ல."

நான் சாத்தியிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு ஜூலைகூடத் தப்பினதில்ல. வயித்துல பிள்ளையோட இருந்தப்பவும் கத்தினா. அவங்க அம்மா செத்த வாரம்கூடக் கத்தினா. இந்த வருஷம் நான் அந்த வாளியை என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். முந்தாநேத்து மூடியைக் கழட்டி ஜன்னலுக்கு நேரா வெச்சுட்டேன். கதவு வழியா எட்டிப் பாத்து, 'வெயில்ல நிக்காத கண்ணு'ன்னுட்டுப் போறா." மறுபடி படகைத் துடைக்க ஆரம்பித்தான். "என்னைக் கண்ணுன்னு எப்ப கூப்பிட்டிருக்கா அவ? சாகப்போறவனைத்தான் யாரும் திட்ட மாட்டாங்க நாடீன். எங்க அப்பாவைக் கடைசி மாசத்துல நாங்க யாரும் திட்டல. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. படகு அவளுக்கு எதுக்கு? நானே வித்துட்டா அவளுக்கு ஒரு வேலை மிச்சம்."

இந்த மனிதன் வாரக்கணக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் சாவுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான், அதுவும் வாயைத் திறக்காமல், அட்டைப்பெட்டியை அருமை அருமை என்று தின்றுகொண்டு. அவள் அன்பும் அவன் அன்பும் சேர்ந்து அவனைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தன. காபியை அப்படியே புல்லில் கொட்டினேன். வாக்காவது ஒன்றாவது.

மெர்னா சமையலறையில் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மூக்கடியில் தைலம் பளபளத்தது.

"உருட்டறதை நிறுத்து. அவனுக்கு மூக்கு செத்துப் போச்சு. காய்ச்சலோடயே போச்சு. வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது."

கட்டை அவள் கையில் நின்றது. "என்ன உளர்ற? அப்ப இந்த நூடுல்ஸ்?"

"அட்டைப்பெட்டி."

"இலவங்கப்பட்டை பன்?"

"தித்திப்பு அட்டைப்பெட்டி."

"ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானேடி!"

"நீ எதிர்ல உக்காந்து அவன் வாயையே பாத்துக்கிட்டிருந்தா வேற என்ன செய்வான்?"

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாவுக் கையால் முகத்தைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளை. "எவ்வளவு வெண்ணெய்" என்று முனகினாள். அதற்கு மேல் துக்கப்பட நான் நேரம் கொடுக்கவில்லை. அவன் யாருடைய திட்டுக்காக அந்த நாற்காலியில் காத்திருந்தான் என்று சொன்னேன். திட்டு வராததற்கு அவன் என்ன அர்த்தம் பண்ணிக்கொண்டான் என்றும் சொன்னேன். படகில் தொங்கும் பலகை எதற்கு என்றும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகத்தில் மாவுக்கு அடியில் ரத்தம் ஏறியது.

"சாகப்போறானாமா?"

"நீ கண்ணுன்னு கூப்பிட்டியாம். அதுதான் அவனுக்கு உறுதியாயிடுச்சு."

அவள் எழுந்தாள். ஜன்னல் பக்கம் இரண்டடி வைத்து நின்றாள். "நான் சொல்லியிருக்கேனே நாடீன். கடவுள்கிட்ட சொல்லியிருக்கேன். வாக்கு மாறினா அவனைத் திருப்பி எடுத்துட்டாருன்னா?"

என் அக்கா பயந்து நான் பார்த்ததே அந்த இரண்டு தடவைதான். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, இது ஒன்று.

"அவர் முழுசாவா திருப்பிக் குடுத்தாரு?" என்றேன். "மூக்கை எடுத்து வெச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் குடுத்திருக்காரு. நீயும் கொஞ்சம் எடுத்துக்கோ. சரிக்குச் சரி."

"வாயைக் கழுவுடி" என்றாள். சொன்னாளே தவிர, பார்வை ஜன்னலைவிட்டு நகரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெயிலில், ஈர்க்குச்சி மனிதன் ஒருவன் இனிமேல் தன்னுடையதில்லை என்று முடிவு கட்டிவிட்ட படகைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தான்.

"சரி, அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

கோடை முழுக்கச் சாத்திக் கிடந்ததில் ஜன்னல் இறுகியிருந்தது. தோளைக் கொடுத்து முட்டினாள். படாரென்று திறந்தது. உள்ளே வந்த காற்றில் எனக்கே கண் இருண்டது. அவளுக்குக் குமட்டியது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு மூச்சு இழுத்தாள்.

"வெர்லின்!"

அவன் துணியோடு நிமிர்ந்தான்.

"அந்தப் பாழாப்போன வாளியை எடுத்துத் தொலைக்கிறியா, இல்ல நான் வந்து உன் தலையில கவுக்கட்டுமா? மனுஷி குடியிருக்கிற வீடா இது, செத்த குதிரையைப் போட்டுவெக்கிற எடமா? எத்தனை வாரம் சகிச்சுக்கிட்டிருப்பேன்? அது எப்பவோ பதமாகி, எப்பவோ பதம் தாண்டி, இப்பக் குதிரை லாயம் மாதிரி காரமா நாறுது! மூக்குதான் இல்ல, மூளையுமா இல்ல உனக்கு?"

தெருவில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. வெர்லின் அசையவில்லை. துணி கையிலிருந்து நழுவி விழுந்தது.

"அப்ப ஏன் இத்தனை நாளா திட்டல?" அவன் குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

"நீ பொழைச்சு வரணும்னு வேண்டிக்கிட்டேன், மடையா!"

அவன் ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டான். பிறகு மிக மெதுவாக, பயந்து பயந்து கேட்டான்.

"அப்ப நான் சாகலையா மெர்னா?"

"அந்த வாளியை எடுக்கலேன்னா இன்னைக்கே சாவ!"

வெர்லின் படகு வண்டியின் மேல் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை. மெர்னா கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமையில்லாமல் ஜன்னல் வழியாகவே இறங்கப் பார்த்தாள். அந்த இடுப்புக்கு அது நடக்கிற காரியமில்லை. நான்தான் பின்னால் இழுத்துக் கதவைக் காட்டினேன். அவர்கள் இரண்டு பேரும் படகுக்குப் பக்கத்தில் நின்றதை நான் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவினேன். எனக்கும் மூக்கு ஒழுகியது, தைலம் பூசாமலே.

பழைய வாளியைக் கொட்டகைக்குப் பின்னால் ஆழமாகத் தோண்டிப் புதைத்தான். அந்த இடத்தில் இன்றுவரை புல் முளைக்கவில்லை. உடனே புதிதாக ஒன்று வைத்தான். ஆகஸ்டில் வெட்டுக்கிளிதான் போட வேண்டும் என்று அவனே சொல்லுவான், ஆனாலும் வைத்தான். 'விற்பனைக்கு' பலகையை அறுத்து அதற்கு மூடியாக்கினான். தினமும் காலையில் மெர்னா பாத்திரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய், துணியை ஒரு கணம் எடுத்துவிட்டு அறிக்கை கொடுப்பாள்.

"பழைய சாக்ஸ்."

"வெறும் சாக்ஸா, பூட்ஸுக்குள்ள கிடந்த சாக்ஸா?"

"பூட்ஸ். செத்த எலியும் கொஞ்சம் இருக்கு."

"எத்தனை எலி?"

"ஒண்ணு."

"ரெண்டு ஆகட்டும்" என்பான் வெர்லின்.

சாப்பாட்டு மேசையிலும் இப்போது அப்படித்தான். அவன் அருமை என்று சொல்வதில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு "சொல்லு" என்பான். இன்றைக்குக் கோழி நல்ல கொழுப்பு, மிளகு கொஞ்சம் தூக்கல், வெண்ணெய் பின்னால்தான் வருகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் தலையாட்டிக்கொண்டே மெல்லுவான். ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கே அன்றைக்குத்தான் அந்த நூடுல்ஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

ஆகஸ்ட் பாதியில் ஒரு காலை, வாசலில் நின்று சிகரெட்டைப் பற்றவைக்கப் போனேன். அடுத்த வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி மெர்னா ஆரம்பித்தாள். ஷெரிஃப், பொணம், செத்த குதிரை, எல்லாம் வரிசையாக வந்தன. வெர்லின் கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முழுசாகத் திட்டி முடிக்கும் வரைக்கும் நின்று கேட்டான்.